சூடு பிடிக்குது செல்போன்!

குட்டீஸ்! பழவேற்காடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 'பூநாரை' என்பீர்கள். 'டச்சுக்காரர் கல்லறை' என்பீர்கள். இறால், நண்டு என்று சொல்லிச் சிலர் சப்புக்கொட்டுவீர்கள். எனக்கு ஞாபகம் வருவது வேறொன்று. கரையில் படகு தள்ளும் மீனவர்களின் கழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கயிற்றில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை தொங்கும். உறைக்குள்ளே செல்போன்!

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு வந்துவிடும். ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திரத்தில்தான். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரத்தைச் சுற்றிக் கோட்டைக்குப்பம், வைரவன்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள். அங்கே செல்போன் என்பது பாட்டுக் கேட்கும் பெட்டி மட்டும் அல்ல. இன்று அலை எத்தனை மீட்டர் எழும், காற்று எந்தத் திசை, கடலுக்குப் போகலாமா கூடாதா என்ற தகவல் அதில்தான் வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்தத் தகவல்களை அனுப்புகிறது. முகத்துவாரத்தில் படகு மாட்டிக்கொண்டால் கரைக்கு ஒரு போன். மீன் ஏலத்தில் என்ன விலை போகிறது என்று கேட்க இன்னொரு போன். கரையை விட்டு வெகுதூரம் போனால் சிக்னல் கிடைக்காது. அங்கே வயர்லெஸ் கருவிதான். ஆனால் கரைப்பக்கத் தொழிலுக்குச் செல்போனே துணை.

இந்தத் துணைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்பு. இன்னொன்று சூடு.

உப்பைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள், எப்படித் துருப்பிடித்து உதிர்கிறது! செல்போனில் சார்ஜர் குத்துகிற துளைக்குள்ளே மெல்லிய உலோகப் பட்டைகள் இருக்கின்றன. ஈரக் கை, உப்புக் காற்று, கடல்நீர்த் துளி. மூன்றும் சேர்ந்தால் அந்தப் பட்டைகளில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். பிறகு வயரைச் சொருகினால் சார்ஜ் ஏறாது. 'அப்படி ஆட்டு, இப்படி ஆட்டு' என்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

துளையே இல்லாமல் சார்ஜ் ஏற்ற முடிந்தால்? முடியும்! அதற்குப் பெயர் வயரில்லா சார்ஜிங். தட்டையான ஒரு வட்டில் இருக்கும். செல்போனை அதன்மேல் சும்மா வைத்தால் போதும், சார்ஜ் ஏறும். கொஞ்சம் விலை கூடிய போன்களில்தான் இந்த வசதி வந்திருக்கிறது. உப்புக்குப் பயந்தவர்களுக்கு வரப்பிரசாதம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? பொறுங்கள். உப்பிலிருந்து தப்பித்தால் இரண்டாவது எதிரியான சூடு வந்து நிற்கிறது.

மந்திரமல்ல, மின்காந்தம்!

வயரே இல்லாமல் மின்சாரம் எப்படித் தாவுகிறது? உங்கள் அறிவியல் புத்தகத்தில் 'மின்காந்தத் தூண்டல்' என்று ஒரு பாடம் வரும். சின்ன வகுப்புக்காரர்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

1831ஆம் வருடம், இங்கிலாந்து. மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். அதன் ஒரு பக்கம் செம்புக் கம்பியைச் சுற்றினார். எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பியைச் சுற்றினார். இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. முதல் கம்பியில் மின்சாரத்தைப் போடும்போதும் நிறுத்தும்போதும், இரண்டாவது கம்பியோடு இணைத்திருந்த முள் துள்ளியது! மின்சாரம் மாறும்போது சுற்றிலும் காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்துக் கம்பியில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. இந்த ஃபாரடே யார் தெரியுமா? ஒரு கொல்லரின் மகன். சிறு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்தவர். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனார். (டச்சுக்காரர்கள் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தது 1825இல். அதற்கு ஆறு வருடம் கழித்து நடந்தது இந்தச் சோதனை. சரித்திரப் பாடத்தையும் அறிவியல் பாடத்தையும் இப்படி முடிச்சுப் போட்டுக்கொண்டால் வருடங்கள் மறக்காது!)

வயரில்லா சார்ஜரிலும் இதே கதைதான். வட்டிலுக்குள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள். செல்போனின் முதுகுக்குள்ளே இன்னொரு சுருள். நம் வீட்டு மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. வட்டிலில் உள்ள மின்சாரமோ விநாடிக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் அலைகிறது. அடேங்கப்பா! அந்த வேகத்தில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க, போனுக்குள் இருக்கும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது.

ஆளுக்கொரு விதமாக வட்டில் செய்தால் குழப்பம்தானே? அதனால் 2008இல் பல கம்பெனிகள் கூடி ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்தன. அவர்கள் வகுத்த பொது முறைக்கு வைத்த பெயர் 'ச்சீ'. சிரிக்காதீர்கள்! நம் ஊரில் 'ச்சீ' என்றால் கோபம். சீன மொழியில் அதற்கு உயிராற்றல் என்று பொருள்.

அடுப்பும் சார்ஜரும் அண்ணன் தம்பி

உங்கள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருக்கிறதா? அந்த அடுப்புக்குள்ளேயும் கம்பிச் சுருள்தான் இருக்கிறது. மேலே இரும்பு கலந்த பாத்திரத்தை வைத்தால் பாத்திரத்தின் அடியில் மின்சாரம் சுழல் சுழலாகப் பிறக்கும். முகத்துவாரத்தில் தண்ணீர் சுழிக்கிறதே, அதுபோல. இதற்குப் பெயரே 'சுழல் மின்னோட்டம்'தான். 1855இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். சுழலும் மின்னோட்டம் உலோகத்தைச் சூடாக்குகிறது, சாதம் வேகிறது.

இப்போது புரிகிறதா சங்கதி? அடுப்பும் சார்ஜரும் ஒரே குடும்பம். அண்ணனுக்குச் சூடு வேண்டும். தம்பிக்குச் சூடு வேண்டவே வேண்டாம். ஆனால் குடும்ப குணம் போகுமா? தம்பியும் சுடுகிறார். அடுப்பு சுமார் 2,000 வாட் சக்தியில் ஓடும். போன் வட்டில் பெரும்பாலும் 5 வாட்டிலிருந்து 15 வாட் வரை. அதனால்தான் நம் போன் தோசைக்கல் ஆகாமல் பிழைக்கிறது!

வயரில்லா சார்ஜரில் சூடு பல வழிகளில் பிறக்கிறது. எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடினாலும் அது சுடும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜூல். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். வேகமாக சார்ஜ் ஏற்றினால் போன் ஏன் அதிகம் சுடுகிறது என்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. போனுக்குள் இருக்கும் உலோகத் துண்டுகளில் சுழல் மின்னோட்டம் பிறந்தால் அது ஒரு சூடு. முன்னும் பின்னும் அலைகிற மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும்படி மாற்றித்தான் பேட்டரிக்குக் கொடுக்க வேண்டும். அந்த மாற்றும் வேலையில் ஒரு சூடு. பேட்டரி சார்ஜை வாங்கிக்கொள்ளும்போது அதுவும் தன் பங்குக்குச் சுடும்.

எவ்வளவு சூடு? வாருங்கள், ஒரு கணக்கு. வட்டில் 7 வாட் செலவழிக்கிறது. போனுக்கு 5 வாட் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 2 வாட்? வெப்பமாகிவிட்டது. ஒரு வாட் என்றால் விநாடிக்கு ஒரு ஜூல். இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் 7,200 விநாடி. 2ஐ 7,200ஆல் பெருக்குங்கள். 14,400 ஜூல்! ஒரு கிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி ஏற்ற 4.2 ஜூல் வேண்டும். அப்படியானால் 100 மில்லி, அதாவது ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை, இந்த வெப்பத்தைக் கொண்டு சுமார் 34 டிகிரி சூடாக்கலாம். பானைத் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் 64 டிகிரிக்குப் போய்விடும்! விரல் வைக்க முடியாது. நல்லவேளை, இத்தனை வெப்பமும் போனுக்குள்ளேயே தங்குவதில்லை. கொஞ்சம் வட்டிலில், கொஞ்சம் போனில். பிறந்த வெப்பம் காற்றில் கலந்து போய்க்கொண்டும் இருக்கிறது. அது போக முடியாமல் நாம் வழியை அடைத்தால்தான் வம்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2 வாட் நஷ்டம் என்பது போனைச் சரியாக நடுவில் வைத்தால். ஓரமாக, கோணலாக வைத்தீர்களானால்? கீழ்ச் சுருள் ஒரு பக்கம், மேல்ச் சுருள் ஒரு பக்கம். போனுக்குச் சேருவது குறையும். வட்டிலோ இன்னும் முக்கி முக்கி அனுப்பும். சூடு கூடிவிடும். தலைக்கு நேரே குடம் வைக்காமல் தோளோரமாக வைத்துத் தண்ணீர் தூக்கினால் பாதி சிந்திப்போகும் அல்லவா? இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் சில போன்களின் முதுகில் காந்த வளையம் வைத்தார்கள். வட்டில் அருகே கொண்டுபோனால் 'டக்'கென்று சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். 2023இல் வெளிவந்த புதிய 'ச்சீ' முறையில் இந்தக் காந்தமும் சேர்ந்துவிட்டது.

சூட்டை விரட்டும் சூட்சுமங்கள்

பொறியாளர்கள் என்ன சும்மாவா இருப்பார்கள்? சுருள் சுற்றும் கம்பியிலேயே ஆரம்பித்தார்கள். மின்சாரம் அத்தனை வேகமாக அலையும்போது கம்பியின் உட்பகுதி வழியாக அது போகாது. மேல் தோல் வழியாகத்தான் ஓடும். தடிமனான கம்பி போட்டும் உள்ளே இருக்கும் செம்பு வீண்! அதனால் முடிபோன்ற மெல்லிய கம்பிகள் பலவற்றைத் தனித்தனியே மின்காப்புப் பூச்சுப் பூசி, முறுக்கி ஒரே கம்பியாக்கினார்கள். பழவேற்காட்டில் படகு கட்டும் கயிற்றைப் பிரித்துப் பாருங்கள். புரிபுரியாக, இழை இழையாகத்தானே இருக்கிறது? அதே சமாசாரம்.

சுருளுக்குப் பின்னால் 'ஃபெரைட்' என்கிற தகடு ஒன்று. இது இரும்பு ஆக்சைடு கலந்த ஒருவகைப் பீங்கான். காந்தப்புலம் பேட்டரிப் பக்கம் போய்ச் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்காமல் இது வளைத்துத் திருப்பிவிடுகிறது. இந்த வசதி உள்ள போன்களின் முதுகு கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ இருப்பதற்கும் இதுதான் காரணம். முதுகு முழுக்க உலோகமாக இருந்தால் அது பாத்திரம்போலச் சுடும்!

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் வருவதுதான். சில போன்களுக்குள் 'ஆவி அறை' என்று காகிதம்போல மெல்லிய செம்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே சில துளி நீர். சூடான பக்கத்தில் நீர் ஆவியாகும். ஆவி குளிர்ந்த பக்கம் ஓடி, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகும். உட்சுவரில் உள்ள நுண்ணிய திரி அந்த நீரைத் திரும்பச் சூடான பக்கத்துக்கு உறிஞ்சி வரும். விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் மூடியின் உட்புறம் சொட்டுச் சொட்டாக நீர் நிற்குமே, அங்கே நடப்பதும் இதேதான். ஆவி, மூடியில் தன் சூட்டை இறக்கி வைத்துவிட்டு நீராகிறது. ஒரு வித்தியாசம்: இட்லிப் பானையில் நீர் தானாகச் சொட்டித் திரும்புகிறது. போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் திரும்ப வேண்டுமே! அதற்குத்தான் திரி.

வட்டிலும் போனும் ரகசியமாகப் பேசிக்கொள்கின்றன என்றால் நம்புவீர்களா? 'எனக்கு இவ்வளவு போதும், குறைத்துக்கொள்', 'இன்னும் கொஞ்சம் கொடு' என்று போன் அதே சுருள் வழியாகச் சைகை காட்டும். போனுக்குள் தெர்மிஸ்டர் என்ற கடுகளவு பாகம் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை மாறும். அதை வைத்துப் போன் தன் காய்ச்சலைத் தானே பார்த்துக்கொள்கிறது! காய்ச்சல் கூடினால் சார்ஜைக் குறைக்கச் சொல்லும். மிக அதிகமானால் நிறுத்தியே விடும். வட்டிலுக்கும் கணக்குத் தெரியும். தான் அனுப்பியது எவ்வளவு, போன் வாங்கியது எவ்வளவு என்று ஒப்பிடும். நடுவே அதிகம் காணாமல் போனால், 'யாரோ நடுவில் இருக்கிறார்கள்' என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். யார் அந்த ஆள்? பெரும்பாலும் ஒரு ரூபாய் நாணயம், சாவி, அல்லது உறைக்குப் பின்னால் ஒட்டிய இரும்பு வளையம். இவை நடுவில் மாட்டினால் அடுப்பில் வைத்த பாத்திரம்போலச் சுடும். எல்லா மலிவு வட்டிலுக்கும் இந்தப் புத்திசாலித்தனம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நாணயத்தை எடுத்துவிட்டு வைப்பதுதான் நல்லது.

பக்கத்துத் தீவில் என்ன செய்கிறார்கள்?

பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்துக்கொண்டு நீளமாக ஒரு தீவு கிடக்கிறது. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா! 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் புறப்பட்டது. இன்றும் ராக்கெட் கிளம்பும் நாளில் குப்பத்துப் பிள்ளைகள் கரைக்கு ஓடிவந்து வானத்தைப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு அன்று 'குறிப்பிட்ட கடல் பகுதிக்குப் போகாதீர்கள்' என்று எச்சரிக்கை வந்துவிடும்.

அந்த ராக்கெட்டில் போகும் செயற்கைக்கோளும் ஒரு மின்னணுக் கருவிதானே? அதற்கும் இதே சூட்டுத் தொல்லை. நம்மைவிட அதிகமாகவே! நம் போனுக்குக் காற்றாவது உண்டு. சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். இதை வெப்பச் சலனம் என்று படித்திருப்பீர்கள். விண்வெளியில் காற்றே இல்லை. விசிறி வைத்தாலும் பிரயோசனம் இல்லை. வெப்பம் வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. ஆகவே, செயற்கைக்கோளின் உள்ளே சூடாகும் கருவிகளிலிருந்து குழாய்கள் வெப்பத்தை வாங்கி வெளித்தகடுகளுக்குக் கொண்டுபோகும். அந்தத் தகடுகள் வெப்பத்தை வானவெளியில் வீசிவிடும். அந்தக் குழாய்களும் நாம் பார்த்த ஆவி அறையும் ஒரே ஜாதி. நீருக்குப் பதில் பெரும்பாலும் அம்மோனியா, அவ்வளவுதான். செயற்கைக்கோளைச் சுற்றித் தங்கக் காகிதம் சுற்றியதுபோல இருக்குமே, அது தங்கம் என்று நினைத்திருந்தீர்களா? தேன் நிறப் பிளாஸ்டிக் ஏடுகளின் பின்னால் அலுமினியம் பூசியிருப்பார்கள். பல அடுக்காக வைத்துச் சுற்றிய போர்வை அது.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதும் இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ஆகஸ்டு 23இல் நிலவில் இறங்கிய விக்ரம் கலம், ஒரு வெப்பமானி ஊசியைத் தரைக்குள் இறக்கியது. மேலே 50 டிகிரிக்கும் அதிகமான சூடு. வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி! உங்கள் உள்ளங்கை அகலம் எவ்வளவு இருக்கும், அளந்து பாருங்கள். அவ்வளவு தூரத்துக்குள் அத்தனை வித்தியாசம். ஏன்? நிலவின் புழுதி, வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. அதுவும் ஒரு கனத்த போர்வை.

போர்வை! இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மறுபடி குப்பத்துக்கு வருவோம்.

உறைக்குள் ஒரு மே மாதம்

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் வேகமாகப் போகும். வித்தியாசம் குறைந்தால் மெதுவாகப் போகும். மார்கழியில் சுடச்சுடக் காபி சீக்கிரம் ஆறிவிடுவதும், சித்திரையில் ஆறாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான். லித்தியம் அயனி பேட்டரிகளை 0 டிகிரிக்கு மேல் 45 டிகிரிக்குள் சார்ஜ் செய்ய வேண்டும் என்பது பொதுவான விதி. மே மாதத்தில் பொன்னேரிப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொட்டால் மிச்சம் இருப்பது எத்தனை? ஐந்தே டிகிரி! கடற்காற்று உள்ளே வரும் வரை தகர வீட்டுக்குள் இன்னும் மோசம். அந்த நேரத்தில் தடித்த ரப்பர் உறையோடு, தலையணைமேல், வயரில்லா வட்டிலில் போனை வைத்தால் அது பாவம், எங்கே போய் மூச்சு விடும்?

பேட்டரி அளவுக்கு மேல் சூடானால் என்ன? முதலில் அதன் ஆயுள் குறையும். காலையில் போட்ட சார்ஜ் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும். இன்னும் சூடானால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும்; பேட்டரி பூரிபோல உப்பும். அதையும் தாண்டினால் தன் சூட்டைத் தானே பெருக்கிக்கொண்டு தீப்பிடிக்கும். 2016இல் சாம்சங் நிறுவனம் தன் 'நோட் 7' போன்களை உலகம் முழுவதும் திரும்ப வாங்கிக்கொண்டதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விமானங்களில் அதை எடுத்துவரவே தடை போட்டார்கள்! அந்தத் தீக்குக் காரணம் வயரில்லா சார்ஜர் அல்ல. பேட்டரியின் உள் அமைப்பிலேயே கோளாறு. ஆனால் உள்ளங்கையளவு பேட்டரிக்குள் எவ்வளவு ஆற்றல் அடைந்திருக்கிறது என்று உலகமே அன்று பார்த்தது. இந்த லித்தியம் அயனி பேட்டரிக்கு வழிகாட்டிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97!

சரி, கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறைக்கு வருவோம். தண்ணீர் புகாது, நல்லது. காற்றும் புகாது! கண்ணாடி போன்ற அந்த உறை வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். உச்சி வெயிலில் கறுப்புப் போன் அதற்குள் கிடந்தால், சார்ஜ் போடாமலேயே சுடும். திரை மங்கும். கடைசியில் 'ஆறட்டும்' என்று அணைந்துவிடும். அந்த நேரம் பார்த்தா வானம் கறுக்க வேண்டும்? ஆகையால் உங்கள் அப்பாவோ மாமாவோ தொழிலுக்குப் போகிறவர் என்றால் நீங்களே சொல்லுங்கள்: உறையோடு போனைச் சட்டைக்கு உள்பக்கமாகப் போடலாம். வெள்ளைத் துண்டில் சுற்றிப் படகின் நிழல் பக்கம் வைக்கலாம். இன்ஜின் பெட்டிமேல் மட்டும் வேண்டாம்.

இன்னொரு ஆபத்தான யோசனையும் உண்டு. படகில்தான் ஐஸ் பெட்டி இருக்கிறதே, சூடான போனைக் கொஞ்ச நேரம் அதில் வைத்தால் என்ன? வேண்டவே வேண்டாம்! கடற்காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும் அல்லவா? அதேபோல ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த போனின் வெளியேயும் உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் இதே பேச்சுதான். உறையைக் கழற்றி, போனை அணைத்து, நிழலில் காற்றுப்பட வைத்தால் தானாக ஆறும். பூநாரையைப் பாருங்கள். உடம்பு முழுக்க இறகுப் போர்வை. காலில் மட்டும் இறகு கிடையாது. அந்த வெற்றுக் கால் வழியாகத்தான் சூட்டை வெளியே விடுகிறது. போனுக்கும் முதுகைக் கொஞ்சம் வெறுமையாக விட வேண்டும்.

போனின் முதுகு மேடாக உப்பியிருந்தாலோ, திரை தூக்கிக்கொண்டு நின்றாலோ, அதை அமுக்கிப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்தாதீர்கள். சார்ஜ் போடாமல், துணி, ஓலை, வலை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பழுது பார்ப்பவரோ மின்னணுக் கழிவு வாங்குபவரோதான் அதைத் தொட வேண்டும். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, ஏரியிலும் எறியக்கூடாது. ஓலைக் கூரையும் நைலான் வலையும் உள்ள வீட்டில், எல்லோரும் தூங்கும்போது தலையணைக்கு அடியில் போனை வைத்துச் சார்ஜ் போடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் நான் கண்டிப்பான வாத்தியார்!

அப்படியானால் வயரா, வட்டிலா, எது நல்லது? என்னைக் கேட்டால் சமயத்துக்குத் தகுந்தபடி என்பேன். கை ஈரமாக, துளையில் உப்பு ஏறியிருந்தால் வட்டில் நல்லது. ஆனால் புயல் நேரத்தில்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னை, திருவள்ளூர்ப் பக்கம் எத்தனை ஊர்கள் மின்சாரம் இல்லாமல் இருட்டில் கிடந்தன! அந்த நேரம் கையில் இருப்பது ஒரே ஒரு பவர் பேங்க் என்றால் வயர்தான் சரி. வட்டிலில் வைத்தால் அருமையான மின்சாரத்தில் ஒரு பங்கு வீணாகச் சூடாகிப் போய்விடும்.

செய்து பாருங்கள்!

ஒரே மாதிரியான மூன்று சின்ன பாட்டில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வேண்டாம், எவர்சில்வர் நல்லது. பெரியவர் யாரையாவது மூன்றிலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதைத் தடித்த கம்பளித் துணியால் சுற்றுங்கள். மூன்றாவதை ஈரத் துணியால் சுற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போட்டு உடைத்துவிடாதீர்கள். பள்ளி ஆய்வகத்தில் உள்ள வெப்பமானியை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். எந்த பாட்டில் முதலில் ஆறுகிறது? எது கடைசி? முடிந்ததும் அதே மூன்றையும் மின்விசிறிக்கு முன்னால் வைத்து இன்னொரு முறை அளந்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விசிறிக் காற்றால் அதிகம் மாறியது எது, கொஞ்சமே மாறியது எது என்று தெரிந்துவிடும். ஈரத் துணி வித்தையைப் போனில் மட்டும் செய்துவிடாதீர்கள், குட்டீஸ்!